சிற்றணுச் சோகை: ஒரு நோக்கு

தமிழ்த்துறை மலரில் குருதி பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் எனக்கு, காலை முதற் பாடவேளையிலேயே மேசைமேல் தலை சாய்க்கும் மாணவியரைக் காணுந்தோறும் எழும் கவலையே இதனை எழுதத் தூண்டிற்று. சோம்பல் எனக் கருதி அவருட் சிலரை நானே கடிந்திருக்கிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பதும், நகக்கண் வெளிறுவதும், பச்சரிசியையும் சிலேட்டுக் குச்சியையும் மறைவாகத் தின்னும் வேட்கையும் சோம்பலின் அறிகுறிகள் அல்ல என்பதைப் பின்னரே அறிந்தேன். 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். நால்வர் அமரும் பெஞ்சில் இருவர் என்பது இதன் பொருள்.

கரும்பின் உலர்ந்த தோகையையும் சோகை என்றே உழவர் வழங்குவர். சாறின்றி வெளுத்துக் கிடக்கும் அத்தோகையைக் கண்டவர்க்கு நோயின் பெயர் பொருத்தமாகவே தோன்றும். சித்த மருத்துவர் இந்நோயைப் பாண்டு என்பர். அதற்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பர். அன்னபேதி என்பது வேதியியலார் கூறும் ஃபெரஸ் சல்ஃபேட்டே. அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் இவ்வுப்பே பயன்படுகிறது. மரபு வேறு, மருந்தின் மூலம் ஒன்று என்பது வியப்புக்குரியது.

ஆயினும் சோகை என்னும் ஒரு பெயருக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. இதனை விளக்க நம் ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவதை முதியோர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்பர். ஆடவர் முன் வாராத கோஷாப் பெண்டிரின் பொருட்டு 1885-இல் தொடங்கப்பெற்றமையால் வந்த பெயர் அது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய இந்தியா வந்து, பம்பாயிலும் குன்னூரிலும் பணியாற்றியபின், 1931-இன் தொடக்கத்தில் இம்மருத்துவமனையிலும் ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்த சோகையில் சிவப்பணுக்கள் சிறுக்கவில்லை, மாறாகப் பருத்திருந்தன. அதனைத் தீர்த்தது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, மார்மைட் என்னும் மலிவான உணவுச்சாறு. அச்சாற்றில் இருந்த பொருளே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்றைய மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதன் பின்னணி இதுவே. அணுவின் உருவளவை நோக்காது மருந்து தேடுவது இருட்டில் ஊசி தேடுவதை ஒக்கும்.

இனி, அணு சிறுக்கும் சோகைக்கு வருவோம். சிவப்பணுவை நிரப்பும் ஈமோகுளோபின், இரும்பு தாங்கிய ‘ஹீம்’ என்னும் பகுதியும் ‘குளோபின்’ என்னும் புரதமும் கூடியது. இவற்றுள் எது குறைந்தாலும் அணு நிரம்பாது; சிறுத்து வெளிறும். அணுவின் சராசரிக் கொள்ளளவை எம்.சி.வி. என்பர். வளர்ந்தோர்க்கு அது 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருத்தல் வேண்டும். 80-க்குக் கீழ்ப்படின் சிற்றணு. ஈமோகுளோபின் அளவு பெண்டிர்க்கு 12 கிராமுக்கும், ஆடவர்க்கு 13-க்கும், கருவுற்றோர்க்குப் பெரும்பாலும் 11-க்கும் குறைந்தால் சோகை எனக் கொள்வர்.

காரணங்களுள் தலையாயது இரும்புக் குறைவு. ஆடவர் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பை இழக்கிறது. மாதவிடாய் உடைய பெண்டிர் சராசரியாக அதனினும் இருமடங்கு இழப்பர். கீரை, பருப்பு முதலியவற்றின் இரும்பில் சிறு பகுதியே உடலிற் சேரும். இறைச்சி, ஈரல் ஆகியவற்றினது எளிதிற் சேரும். ‘நம் வீடுகளில்தான் இறைச்சி உண்டே’ என்பர் நம்மவர். உண்மைதான், ஆனால் சட்டியின் அடியில் எஞ்சியதை உண்பவர் யார் என்பதையும் எண்ணுதல் நன்று. மேலும், உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்துதல் இராயப்பேட்டை முதல் தியாகராய நகர் வரை நம் வழக்கம். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்ளும். பிரியாணிக்குப் பின் வரும் சுலைமானியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் குடி முழுகிவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இதற்கு மாறாக இரும்பு சேர்வதற்குத் துணைபுரியும்.

ஆடவர்க்கும் மாதவிடாய் நின்ற மூதாட்டியர்க்கும் இரும்பு குறைந்தால் உணவை மட்டும் குறை கூறல் ஆகாது. வயிற்றுப்புண், மூலம், வலிமாத்திரைகள், குடற்புற்று இவற்றுள் ஏதேனும் ஒன்றால் உள்ளே குருதி கசியக்கூடும். ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டிலிருக்கும் பெரியவர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறேன். காசநோய், மூட்டழற்சி போன்ற நெடுநோய்களில் இரும்பு உடலில் இருந்தும் பூட்டிய பெட்டியில் இருப்பதாகும். ஈயநஞ்சும் ஹீம் உருவாவதைத் தடுக்கும். குழந்தைகளின் கண்ணுக்கிடும் சுர்மாவில் ஈயச் சேர்மம் கலந்திருப்பது உண்டு. பாட்டிமார் சினந்தாலும் இதனைச் சொல்லாதிருக்க இயலவில்லை.

எஞ்சியது தாலசீமியா. இதனை என் அக்கா மகளால் அறிந்தேன். கல்லூரியில் சேர்ந்தது முதல் ஈராண்டுகள் அவள் இரும்பு மாத்திரை உண்டாள். ஒவ்வொரு முறையும் ஈமோகுளோபின் 10.8-ஐத் தாண்டவில்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என அவள்மேல் பழி. “சின்னம்மா, நான் ஒருநாள்கூட விட்டதில்லை” என்று அவள் அழுதபோது நானும் நம்பவில்லை என்பதை நாணத்தோடு எழுதுகிறேன். சிகிச்சையளித்த இடத்தில் எம்.சி.வி. எண்ணை எவரும் ஊன்றிப் பார்க்கவில்லை. பின்னர் அடையாற்றில் ஒரு முதிய மருத்துவர் பழைய அறிக்கைகளை வாங்கி, தாளின் ஓரத்தில் ஒரு வகுத்தற் கணக்கிட்டார். எம்.சி.வி. 66, சிவப்பணு எண்ணிக்கை 5.5 மில்லியன், வகுத்தால் 12.

1973-இல் மென்ட்சர் என்பார் வெளியிட்ட கணக்கு இது. ஈவு 13-க்குக் குறைந்தால் தாலசீமியாக் கூறு உண்டோ என ஐயுறல் வேண்டும். மிகுந்தால் இரும்புக் குறைவே ஆதல் கூடும். இரும்பு குறைந்தால் அணுக்களின் எண்ணிக்கையும் குறையும். தாலசீமியாக் கூறுடையார்க்கோ அணு சிறியதாயினும் எண்ணிக்கை மிகும். ஒரு மாணவியின் அறிக்கையில் எம்.சி.வி. 70, எண்ணிக்கை 3.9, ஈவு ஏறத்தாழ 18. அவள் மாத்திரையாலேயே தேறினாள். இக்கணக்கு வழிகாட்டியே அன்றித் தீர்ப்பன்று. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் சோதனை. அது 15-க்குக் கீழ் இருப்பின் சேமிப்பு வற்றிற்று எனலாம். காய்ச்சலோ அழற்சியோ உள்ளபோது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். தாலசீமியாவுக்கு எச்.பி.எல்.சி. என்னும் சோதனையில் ஈமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டை மிஞ்சுகிறதா எனக் காண்பர். இரும்புக் குறைவு அவ்வளவைத் தாழ்த்திக் காட்டுமாதலின் முதலில் இரும்பைச் சரிசெய்வது நன்று. ஆல்ஃபா வகை இதில் சிக்காது. அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். அக்கா மகளின் ஏ2 அளவு 5.2.

சிகிச்சை காரணத்தைப் பின்பற்றியது. இரும்பு குறைந்தோர் மாத்திரையை மருத்துவர் சொற்படி உண்ண வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டால் இரும்பு மிகுதியாகச் சேர்கிறது என அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. மலம் கறுப்பது கண்டு அஞ்சவேண்டா. ஈமோகுளோபின் சரியானபின்னும் மூன்று திங்கள் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். நம்மவர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். மாத்திரை ஒவ்வாதார்க்கு நரம்புவழி இரும்பு ஏற்றுவர். தாலசீமியாக் கூறு மட்டும் உடையோர் நோயாளர் அல்லர். ஃபெரிட்டின் குறைந்தாலன்றி அவர்க்கு இரும்பு தேவையில்லை.

கூறுடைய இருவர் மணந்தால்தான் இடர். ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தை கடுந்தாலசீமியாவோடு பிறக்கக்கூடும். அக்குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதியால் மிகும் இரும்பை நீக்க வாழ்நாளெல்லாம் மருந்து வேண்டும். எலும்பு மச்சை மாற்று குணம் தரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் அது நடைபெறுகிறது. ஆயினும் பொருந்தும் கொடையாளியும் பெரும்பொருளும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மாமன் மகளை மாமி மகனுக்குக் கொடுக்கும் நம் வழக்கில் இருவர்க்கும் ஒரே கூறு இருக்கும் வாய்ப்பு மிகுதி. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இச்சோதனை கட்டாயம் என்பதைச் சமுதாயப் பெரியோர் அறிதல் வேண்டும். நிக்காஹ் பேச்சில் மஹர் பற்றிப் பேசும் நேரத்தில் இதனையும் பேசினால் எவர் மானமும் குறையாது.

அக்கா மகளுக்குப் பேசிய வரன் உறவுக்குள்தான். சோதனை என்றதும் மாப்பிள்ளையின் தாயார் முகம் சுளித்தார். அவருடைய தந்தையாரோ, தாமே மகனை அழைத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சென்றார். ஏ2 அளவு 2.6, எம்.சி.வி. 88. திருமணம் இனிதே நடந்தது. அவளுடைய தம்பிக்கு இன்னும் பார்க்கவில்லை. ஊசிக்கு அஞ்சி நாள் கடத்துகிறான்.