முதல் பந்தய ட்ரோன்: கவிழ்ந்தால் எங்கே பார்ப்பது?



பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில், எல்லைக்கு இப்பால் கேரளத்தில் எங்கள் வீடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே எங்கள் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இயந்திரங்களைப் பற்றித் தமிழில் எழுதிக் கொடுக்க ஆள் குறைவு. என் தங்கை மகனுக்காக நான் ஒரு தாளில் எழுதிய குறிப்புகளையே சற்று விரித்து இங்கே தருகிறேன். நெய்யாற்றின்கரையில் பல ஆண்டுகள் ரேடியோ, டி.வி. பழுது பார்த்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

மருமகன் பிளஸ் ஒன் படிக்கிறான். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அவனும் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஐந்து அங்குல இறக்கை கொண்ட பந்தய ட்ரோன் ஒன்றைக் கட்டினான். மரச்சீனி பிடுங்கிய வெற்று நிலத்தில் வைத்து வேகத்தைக் கூட்டியதும், அது எழும்பாமல் தலைகீழாகக் கவிழ்ந்தது. நான்கு முறை முயன்றான். நான்கு முறையும் அப்படியே. மறுநாள் மேசைமேல் வைத்து மோட்டாரைச் சோதித்தபோது அது துள்ளி, இறக்கை அவன் இரண்டு விரல்களைக் கீறியது. ஐந்து தையல்.

என் மைத்துனர், "இதை இனி இந்த வீட்டில் கண்டால் நெய்யாற்றில் எறிவேன்" என்று சொல்லிவிட்டார். தங்கை எனக்குப் போன் செய்தாள்: "அண்ணா, ஒரு தடவை வந்து பாருங்க. பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான்."

முதல் விதி

போனதும் நான் செய்த முதல் வேலை, நான்கு இறக்கைகளையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். மேசைமேல் பேட்டரி இணைக்கும் நேரமெல்லாம் இறக்கை கழன்றிருக்க வேண்டும். இந்த மோட்டார்கள் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியவை. விரலுக்கும் இறக்கைக்கும் நடந்த பந்தயத்தில் விரல் வென்றதில்லை.

மின்சாரம் கொடுக்கும் முன்

புதிதாகப் பற்றவைத்த எதற்கும் நேராகப் பேட்டரியை மாட்டக்கூடாது. முதலில் மல்டிமீட்டரால் பேட்டரி இணைப்பின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் ஒரு கணம் ஒலித்து நின்றால் கவலையில்லை. கன்டென்சர் நிரம்புகிறது என்று பொருள். தொடர்ந்து ஒலித்தால் ஷார்ட்.

இதை நான் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது மைத்துனர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் களியக்காவிளையில் வண்டி எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவர். ஒன்றும் பேசாமல் போனார். அரை மணி நேரத்தில் ஹோல்டரோடு ஒரு 24 வோல்ட் லாரி இண்டிகேட்டர் பல்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "மச்சான், லாரி வயரிங்கில ஷார்ட் பார்க்க நாங்க இதைத்தான் மாட்டுவோம். இதுக்கும் ஆகாதா?" என்றார்.

நன்றாக ஆகும். நான்கு செல் பேட்டரி முழுதாக நிரம்பினால் 16.8 வோல்ட். சிவப்புக் கம்பியின் நடுவே இந்தப் பல்பைத் தொடராக இணைத்துவிட்டுப் பேட்டரியை மாட்டினால், பல்பு ஒருமுறை மின்னி அணைய வேண்டும், அல்லது மங்கலாக நிற்க வேண்டும். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட், உடனே கழற்றிவிடலாம். பலகை எரிவதற்குப் பதில் பல்பு எரிகிறது, அவ்வளவுதான். பல்பு இருக்கும்போது மோட்டாரை வேகமாக ஓட்டக்கூடாது. மின்னழுத்தம் இறங்கிப் பலகை அணைந்து அணைந்து எழும்.

எங்கள் பல்பு மின்னி அணைந்தது. ஷார்ட் இல்லை.

ட்ரோன் எப்படி நிற்கிறது?

கோளாறைத் தேடுமுன் இயக்கம் தெரிய வேண்டும். நடுவிலுள்ள பலகையில் கைரோ என்னும் சில்லு இருக்கிறது. ட்ரோன் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கிறது. வலப்பக்கம் தாழ்ந்தால் வலப்பக்க மோட்டார்களைப் பலகை வேகப்படுத்துகிறது, ட்ரோன் நிமிர்கிறது. தலையில் குடம் சுமப்பவர் கழுத்தைச் சிறிது சிறிதாக அசைத்துச் சமன் செய்வது போன்றதே இது.

எந்த மோட்டாரை வேகப்படுத்துவது என்பதைப் பலகை எண்ணால்தான் அறிகிறது. நாங்கள் பயன்படுத்திய பீட்டாஃப்ளைட் மென்பொருளில் வழக்கமான வரிசை இது:

1 – பின் வலம் (வலஞ்சுழி)
2 – முன் வலம் (இடஞ்சுழி)
3 – பின் இடம் (இடஞ்சுழி)
4 – முன் இடம் (வலஞ்சுழி)

மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் போகும் பக்கம் வலஞ்சுழி. மூலைக்கு மூலை எதிரெதிரே உள்ளவை ஒரே பக்கம் சுழல்வதைக் கவனியுங்கள். மோட்டார் இறக்கையை ஒரு பக்கம் சுழற்றினால், உடலை மறுபக்கம் திருப்பும் விசை உண்டாகும். இரண்டு இப்படியும் இரண்டு அப்படியும் சுழன்றால் அந்த விசைகள் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். அப்படி இல்லாவிட்டால் ட்ரோன் பம்பரமாகிவிடும்.

எங்கள் தேடல்

எழும்பியவுடன் கவிழ்வதற்குப் பெரும்பாலும் நான்கே காரணங்கள். வரிசையாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பார்த்தோம்.

முதலாவது, பலகை முன்பக்கத்தைச் சரியாக அறிகிறதா? கம்ப்யூட்டரில் இணைத்து ட்ரோனைக் கையால் முன்னே சாய்த்தோம். திரையிலுள்ள படமும் முன்னே சாய்ந்தது. வலமும் இடமும் சரி.

இரண்டாவது, மோட்டார் சுழலும் பக்கம். ஒரு காகிதத் துண்டை மோட்டாரின் ஓரத்தில் தொட்டால், அது எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று தெரியும். நான்கு மூலைகளிலும் சரி.

மூன்றாவது, இறக்கை. சுழலும்போது முன்னே செல்லும் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். எழுத்துள்ள முகம் மேலே இருக்க வேண்டும். என் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். அதுவும் சரி.

பையன் சோர்ந்துவிட்டான். "மாமா, பலகைதான் போச்சு. வேற வாங்கணும்" என்றான். அவன் சேமிப்பில் அதற்குப் பணம் இல்லை. அப்பாவிடம் கேட்கவும் முடியாது.

"பொறு மக்களே, இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன்.

நான்காவது, எண். திரையில் 1-ஆம் மோட்டாரை ஓடச் செய்தோம். பின் வலம் ஓட வேண்டும். முன் இடம் ஓடியது. 2-ஐ ஓடச் செய்தோம். பின் இடம் ஓடியது. நான்குமே மூலைக்கு மூலை மாறியிருந்தன!

பேட்டரிக் கம்பி பின்பக்கமாக வர வேண்டும் என்பதற்காக, மோட்டார்களை இயக்கும் ஈ.எஸ்.சி. பலகையை அவன் அரைவட்டம் திருப்பிப் பொருத்தியிருந்தான். அப்படிப் பொருத்துவதில் தவறில்லை. ஆனால் எண்களும் கூடவே திரும்பிவிட்டன என்பதை மென்பொருளுக்குச் சொல்லவில்லை. பின் வலம் தாழ்ந்தால் பலகை முன் இடத்தை உயர்த்தியது. சாய்வைத் திருத்த முயன்று சாய்வைக் கூட்டியது. எதிர்மூலை மோட்டார்கள் ஒரே பக்கம் சுழல்பவை ஆகையால், சுழலும் பக்கத்தை மட்டும் பார்த்தவனுக்கு எல்லாம் சரியாகவே தோன்றியது.

மோட்டார் வரிசையை மாற்றும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. எந்த மோட்டார் ஓடுகிறதோ அதன் படத்தைத் தொட்டால் போதும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு ரூபாய்க்கும் பாகம் வாங்கவில்லை.

பிற கோளாறுகள்

மோட்டார் ஓடத் தொடங்கவே மறுக்கிறது: ரிமோட்டில் வேகக் குச்சி அடிமட்டத்தில் இருக்கிறதா, ரிசீவர் ரிமோட்டோடு பேசுகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் மென்பொருளோடு இணைந்திருக்கும்போது அது ரிமோட்டுக்குக் கிளம்பாது. காரணத்தைத் திரையிலேயே எழுதிக் காட்டும்.

ஒரு மோட்டார் மட்டும் துடித்து நிற்கிறது: மூன்று கம்பிகளில் ஒன்றின் பற்றவைப்பு சரியில்லை. அல்லது அடியிலுள்ள திருகு நீளமாகிச் சுருள் கம்பியைத் தொடுகிறது. திருகுக்கும் மோட்டார் கம்பிக்கும் இடையே மீட்டர் ஒலிக்கக்கூடாது.

வேகம் கூட்டினால் கண்ணாடியில் தெரியும் படத்தில் கோடுகள் ஓடுகின்றன: பேட்டரிக் கம்பி சேரும் இடத்தில் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் கன்டென்சரைத் துருவம் பார்த்து வையுங்கள். ஆன்டெனா மாட்டாமல் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், எரிந்துபோகும்.

கடைசியாக, இறக்கை இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார்கள் தாமாக நிற்க வேண்டும். நிற்காத ட்ரோன் வெளியே போகக்கூடாது.

பேட்டரியைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தூங்கும்போது சார்ஜ் செய்ய வேண்டாம். 1500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.5 ஆம்பியர் போதும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்கவும். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக்கூடாது.

எங்கே பறக்கலாம்?

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் உள்ளன. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை. வணிகத்துக்கு அல்லாமல் பறக்கவிட்டால் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆனால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்தே தீர வேண்டும். பதிவு பற்றிய விதியையும் படித்துக்கொள்ளுங்கள். வேறு நாடுகளில் வாழும் வாசகர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தை அறிய வேண்டும். ரயில் பாதை, நெடுஞ்சாலை, திருவிழாக் கூட்டம் அருகே கூடவே கூடாது. கண்ணாடி அணிந்து ஓட்டுபவர் பக்கத்தில், வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நிற்க வேண்டும்.

முடிவாக

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதே நிலத்தில் ட்ரோன் எழுந்து, தோள் உயரத்தில் அசையாமல் நின்றது. பக்கத்தில் வெறுங்கண்ணோடு நின்றவர் என் மைத்துனர். ஒரு நிமிடம் ஆனதும், "போதும், இறக்கு. சூடு பார்க்கணும்" என்றார். பேட்டரியைத் தாமே கழற்றி, நான்கு மோட்டார்களையும் 1, 2, 3, 4 என்ற வரிசையில் தொட்டுப் பார்த்தார். "வெதுவெதுப்புதான்" என்றார். நெய்யாற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் மாவட்டத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவும் முன், அதைத் தூக்கிய கிரேனில் ஹைட்ராலிக் கசிவு ஏற்பட்டது. அங்கிருந்தவர்கள் கைகளாலேயே தூக்கிப் பொருத்தினார்கள். அன்று மாலை ராக்கெட் பறந்தது. கோளாறு வந்தால் பிள்ளை தோற்றுவிட்டான் என்று எண்ண வேண்டாம். வரிசையாகத் தேடக் கற்றுக் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. நான்கு செல் பேட்டரியில் செல்லுக்கு 3.8 வோல்ட் என்றால் மொத்தம் எவ்வளவு?
2. எல்லா மோட்டார் எண்களும் சரி. ஆனால் ட்ரோன் எழுந்தவுடன் நின்ற இடத்தில் பம்பரம்போல் சுழல்கிறது. முதலில் எதைப் பார்ப்பாய்?
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது ஏன்?

விடைகள்: 1. 15.2 வோல்ட். 2. மோட்டார்கள் சுழலும் பக்கமும், அது மென்பொருளில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பதும். 3. இதற்கு விடையை வீட்டில் பெரியவர்களோடு பேசி நீங்களே எழுதுங்கள்.