ரோபோ வளர்க்கும் விழித்திரை அப்பாவுக்கு எப்போது கிடைக்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டு கண்ணிலும் வயதானவர்களுக்கு வரும் மாக்குலா நோய், அதிலும் உலர் வகை என்கிறார் டாக்டர். சுற்றியிருப்பது தெரிகிறது, எதிரே நிற்பவரின் முகம்தான் தெரிவதில்லை. ஜப்பானில் ரோபோவே ஸ்டெம் செல்லிலிருந்து விழித்திரைத் திசுவை வளர்க்கிறதாமே, அது அப்பாவுக்குக் கிடைக்குமா? ஆள் செய்கிற வேலையை ரோபோ செய்வதில் என்ன விசேஷம்? இதற்கிடையே, ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் பார்வை திரும்பும் என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. கட்டாதீர்கள். 2015இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், இதே மாக்குலா நோய் இருந்த மூன்று பெண்கள் ஆளுக்கு 5,000 டாலர் கொடுத்து, தங்கள் உடல் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். இருந்த பார்வையும் பெருமளவு போயிற்று. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) விதி தெளிவாகவே இருக்கிறது: இந்த நோய்க்கு ஸ்டெம் செல் என்றால் அது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். அந்த ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஜப்பான் விஷயம். விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்களுக்கு அடியில் நிறமிச் செல்களின் ஒற்றை அடுக்கு இருக்கிறது. மேலே உள்ள செல்களுக்கு ஊட்டம் கொடுப்பதும், அவை தினமும் உதிர்க்கும் கழிவை விழுங்கிச் சுத்தம் செய்வதும் இதன் வேலை. அப்பாவுக்குப் பழுதாகியிருப்பது முக்கியமாக இந்த அடுக்குதான். கோபே நகரில் ரிக்கென் ஆய்வு நிலையத்தின் மசாயோ தகாஹாஷி குழு, நோயாளியின் தோல் செல்லை ஐபிஎஸ் என்னும் ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து இந்த அடுக்கை வளர்த்து, 2014 செப்டம்பரில் ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்தியது. அவருக்கு இருந்தது இதே நோயின் ஈர வகை. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த நோயாளிக்கு வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அவருக்குப் பொருத்தாமலே நிறுத்திவிட்டார்கள். அந்த எச்சரிக்கை உணர்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ரோபோ எதற்கு என்று கேட்டீர்கள். ஐபிஎஸ் செல் நிறமிச் செல்லாக மாற ஒரு மாதத்துக்கும் மேலாகும். அத்தனை நாளும் தட்டில் இருக்கும் பழைய திரவத்தை எடுத்துப் புதிதாக ஊற்ற வேண்டும், மருந்துகளைக் கணக்காகச் சேர்க்க வேண்டும், ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். திரவத்தை உறிஞ்சி ஊற்றும் பிப்பெட் குழாயிலிருந்து அது கொஞ்சம் வேகமாகப் பீய்ச்சினாலும் செல்கள் அடிபடும். மிக மெதுவாகப் போனால் கட்டியாகவே நிற்கும். எழுதி வைத்த செய்முறை ஒன்றேதான், ஆனால் ஒருவர் செய்தால் தட்டு முழுக்கப் பழுப்பு நிறம் பிடிக்கும், இன்னொருவர் செய்தால் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும். சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, அதுதான் இங்கேயும். ஆனால் கண்ணுக்குள் வைக்கப்போகிற பொருள், செய்கிற ஆளைப் பொறுத்து மாறலாமா?

இதைத்தான் கென்கி கண்டா, கொய்ச்சி தகாஹாஷி முதலியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் கையில் எடுத்தார்கள். மஹோரோ என்னும் இரு கை ரோபோ, ஆய்வாளர் பிடிக்கும் அதே பிப்பெட்டைப் பிடித்து வேலை செய்கிறது. அடுத்து எந்த அளவுகளைச் சோதிக்கலாம் என்பதை முந்தைய விளைவுகளைப் பார்த்து ஒரு கணினி நிரல் தீர்மானிக்கிறது. மருந்தின் அளவு, அதைச் சேர்க்கும் நாட்கள், பிப்பெட்டின் வேகம் என்று மாற்றிக்கொண்டே போனால் ஏறக்குறைய 20 கோடி சேர்க்கைகள் வரும். அவற்றில் 143ஐ மட்டும் ரோபோ 111 நாட்களில் செய்து பார்த்து, தொடங்கிய முறையைவிட 88 சதவீதம் கூடுதல் மதிப்பெண் பெறும் முறையைக் கண்டுபிடித்தது. மதிப்பெண் என்றால், தட்டைப் படம் பிடித்து எவ்வளவு இடம் பழுப்பாகியிருக்கிறது என்று அளப்பது. செல் நிறமிச் செல்லாக முதிரும்போதுதான் அந்த நிறம் ஏறும்.

எனக்கு அந்த 88ஐவிடப் பெரிதாகப் படுவது வேறு. கையின் வேகமும் சாய்வும் எண்களாகப் பதிவாகின்றன. கோபேயில் சரியாக வந்ததை அதே மாதிரி ரோபோ உள்ள இன்னோர் ஊருக்கு அப்படியே அனுப்பலாம். நாலைந்து தேர்ந்த கைகளை நம்பியிருக்கும் வரை இந்தச் சிகிச்சை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டவே எட்டாது. அதனால்தான் இந்த வேலை எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் அந்த ஆய்வு தட்டோடு நின்றது. அந்தச் செல்களை யார் கண்ணிலும் வைக்கவில்லை. செல்லை நன்றாக வளர்ப்பது ஒன்று. அது கண்ணுக்குள் பிழைத்து, கட்டியாக மாறாமல், மேலே உள்ள செல்களைக் காப்பாற்றுகிறதா என்பது வேறு. ஒளி வாங்கும் செல்கள் ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் அடியில் புது அடுக்கு வைத்தும் பயனில்லை. ஆகவே அப்பாவுக்கு இது இப்போதைக்குக் கிடைக்காது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஆய்வுகள் தொடங்கினால் சிடிஆர்ஐ என்னும் அரசுப் பதிவேட்டில் இருக்கும். உங்கள் விழித்திரை டாக்டரிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது செய்யக்கூடியவை: புகைப்பழக்கம் இருந்தால் அறவே விட வேண்டும். இந்த நோய்க்கென்றே உள்ள வைட்டமின், துத்தநாக மாத்திரை அவருடைய கட்டத்துக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்வைக் குறைபாட்டு உதவி மையத்தில் உருப்பெருக்கிக் கருவிகள் தருவார்கள். தலைமையாசிரியருக்குப் படிப்பு நின்றுபோகக் கூடாது. தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தால் உலர் வகை ஈர வகையாக மாறியிருக்கலாம். அன்றைக்கே கூட்டிப் போங்கள். ஈர வகைக்கு நிரூபணமான ஊசி மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது.