வெண்கல ஆடியில் ஓர் ஒளியியல் பாடம்

ஒளி எதிரொளிப்பு, கோள ஆடிகள் ஆகிய பாடங்களை நடத்தும்போது பண்டைய சீன வெண்கல ஆடிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வரலாறும் அறிவியலும் இணையும் இடம் இது.

ஆடியின் அமைப்பு

சீனாவில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே வெண்கல ஆடிகள் இருந்தன. 1976இல் ஆன்யாங்கில் அகழப்பட்ட ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் நான்கு ஆடிகள் கிடைத்தன. ஹான் மரபினர் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) இக்கலை செழித்தது. அக்கால ஆடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெள்ளீயம். எஞ்சியது தாமிரமும் சிறிதளவு காரீயமும். வெள்ளீயம் மிகுந்தால் வெண்கலம் வெண்மையாகப் பளபளக்கும். ஆனால் எளிதில் உடையும். கேரளத்தின் ஆரன்முளைக் கண்ணாடியும் வெள்ளீயம் மிகுந்த வெண்கலமே.

முன்பக்கம் மெருகிடப்பட்டிருக்கும். பின்பக்க நடுவில் கயிறு கோக்கும் குமிழும், சுற்றிலும் புடைப்பு வேலைப்பாடும் இருக்கும். ஹான் கால ஆடிகள் பலவற்றில் வட்டம் வானையும் நடுச்சதுரம் நிலத்தையும் குறிப்பதாக விளக்குவர். கிழக்குக்கு டிராகன், மேற்குக்கு வெண்புலி, தெற்குக்குச் செம்பறவை, வடக்குக்குப் பாம்பு சுற்றிய ஆமை எனத் திசைக்கொரு விலங்கும் உண்டு.

சுவரில் தோன்றும் உருவம்

சில ஆடிகளின் முன்பக்கத்தில் வெயில் பட்டால், பின்பக்க வேலைப்பாடு சுவரில் ஒளியாகத் தெரியும்! உலோகத்தை ஒளி ஊடுருவுமா?

11ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோ இதை ஆராய்ந்து எழுதினார். வார்க்கும்போது மெல்லிய பகுதி முன்னதாகவும் தடித்த பகுதி பின்னதாகவும் குளிர்வதால், கண்ணுக்குப் புலப்படாத சுருக்கங்கள் முன்பக்கத்தில் ஏற்படுகின்றன என்ற விளக்கத்தை அவர் ஏற்றார். ஜப்பானிய ஆடிகளை ஆராய்ந்த அயர்ட்டன், பெர்ரி ஆகியோர் 1878இல் வேறு காரணம் கண்டனர். தேய்த்து மெருகிடும்போது மெல்லிய பகுதி சற்றே வளைந்துகொடுப்பதால் குறைவாகத் தேய்ந்து, பின்னர் அதிகமாகக் குவிந்துவிடுகிறது. அங்கு ஒளி சிதறி மங்கும். தடித்த பகுதியில் பிரகாசிக்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

பளபளப்பான எவர்சில்வர் தட்டில் வெயிலை ஏந்தி நிழலான சுவரில் விழச் செய்யுங்கள். ஒளி ஒரே சீராக விழாது. யாருடைய கண்ணிலும் ஒளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டின் எந்த வளைவு எந்த ஒளித்திட்டைத் தருகிறது என மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். காரணத்தை நாம் முந்திச் சொல்ல வேண்டாம்.

மதிப்பீட்டின்போது

ஷென் குவோ ஏற்ற காரணம் பிற்காலத்தில் மாறியது. ஆனால் மறைபொருள் முன்பக்கத்தில்தான் உள்ளது என்ற முடிவு நிலைத்தது. மாணவர் விடையிலும் இத்தகைய பாதிச் சரி இருக்கும். அதை முழுத் தவறு என அடித்துவிடாமல், சரியான பகுதியைச் சுட்டிக்காட்டி அடுத்த கேள்வியைக் கேட்போம்.