டேட்டா ஒர்க்புளோ: புதியவர்களுக்கு ஆறு நல்ல பழக்கங்கள்

எக்ஸெல் தொகுப்பில் கணக்கு போட்டுப் பழகியவர்கள் பலர் அடுத்து நாடுவது டேட்டா ஒர்க்புளோ புரோகிராம்களை. இவற்றில் பைலைப் படிக்க, வரிகளை வடிகட்ட, கூட்ட என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி உண்டு. இதற்கு நோட் என்று பெயர். நோட்களை மவுஸால் இழுத்து வைத்து, கோடு போட்டு இணைத்தால் ஒர்க்புளோ தயார். அடுத்த மாதம் புதிய பைல் வந்தாலும் அதையே மீண்டும் இயக்கலாம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2006ல் வெளியான நைம் இந்த வகையைச் சேர்ந்த இலவச புரோகிராம்.

நைம் புரோகிராமில் ஒவ்வொரு நோட்டின் அடியிலும் சிக்னல் போல விளக்கு இருக்கும். சிவப்பு என்றால் இன்னும் செட் செய்யவில்லை; மஞ்சள் என்றால் இயக்கத் தயார்; பச்சை என்றால் இயங்கி முடிந்தது. புதியவர்கள் ஏமாறுவது இங்குதான். பச்சை எரிந்தால் வேலை முடிந்தது என்றுதான் பொருள். விடை சரி என்று பொருள் அல்ல.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சிறிய தங்கும் விடுதி இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவிற்கும் தமிழ்நாடு, ஆந்திரா இரு பக்கமிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் தங்கினார்கள் என்று உரிமையாளர் அறிய விரும்புகிறார். அவர் கடைப்பிடிக்க வேண்டியவை இதோ.

1. மூல பைலைத் தொடாதீர்கள்

முதலில் வந்த பைல்களைத் தனி போல்டரில் வைத்திடவும். முடிவுகளை வேறு போல்டரில், வேறு பெயரில் எழுதவும். தமிழ், தெலுங்குப் பெயர்கள் உள்ள பைலை எக்ஸெல்லில் திறந்து சாதாரண சிஎஸ்வி வகையில் சேவ் செய்தால், பெயர்கள் கேள்விக் குறிகளாக மாறிவிடும். மூல பைல் இல்லையேல் அவற்றை மீட்க முடியாது. "சிஎஸ்வி யுடிஎப்-8" என்பதையே தேர்ந்தெடுக்கவும்.

2. எண் போல் இருப்பதெல்லாம் எண் அல்ல

போன் எண், பின்கோடு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை யாரும் கூட்டப் போவதில்லை. இவற்றை ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வகையாக அமைத்திடவும். எண்ணாக எடுத்துக் கொண்டால் 044 என்ற எஸ்.டி.டி. கோடு 44 ஆகிவிடும். எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிவிடும்.

3. தேதியின் வடிவத்தைச் சொல்லிவிடுங்கள்

03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க செட்டிங்கில் மார்ச் 4. நைம் புரோகிராமில் தேதி வடிவத்தைக் குறிப்பிடும்போது, பெரிய எழுத்து எம் மாதத்தையும், சிறிய எழுத்து எம் நிமிடத்தையும் குறிக்கும். கவனம் தேவை.

4. ஊர்களுக்குத் தனிப் பட்டியல்

திருத்தணியையே ஆங்கிலத்தில் ஒருவர் "டி" மட்டும் போட்டு எழுதுவார். மற்றவர் "டிஎச்" போட்டு எழுதுவார். கம்ப்யூட்டருக்கு இவை இரு ஊர்கள். மாவட்டமும் மாறும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960ல் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்திற்கு வந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். பக்கத்து அரக்கோணம் 2019ல் வேலூரிலிருந்து பிரிந்து ராணிப்பேட்டைக்குச் சென்றது. எனவே மாவட்ட வாரியாகக் கூட்டினால் ஒரே ஊர் இரண்டாக உடையும். பதிவுகளைக் கையால் திருத்தாமல், "எழுதப்பட்ட பெயர், சரியான பெயர், இன்றைய மாவட்டம்" என மூன்று காலங்களில் ஒரு பட்டியல் தயாரித்து, ஜாயினர் நோட் மூலம் இணைத்திடவும்.

5. ஒவ்வொரு படியிலும் வரிகளை எண்ணுங்கள்

1,200 வரிகள் உள்ளே போனால் ஜாயினருக்குப் பின்னும் 1,200 வர வேண்டும். குறைந்தால் பட்டியலில் ஏதோ ஊர் விடுபட்டிருக்கிறது. கூடினால் ஓர் ஊர் இரு முறை வந்திருக்கிறது.

இது சின்ன விஷயம் அல்ல. 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளிகளின் விவரங்கள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்ஸ்எல்எஸ் வகை பைலில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். அந்த நோயாளிகளுடன் பழகியவர்களை எச்சரிப்பது நாள்கணக்கில் தாமதமானது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் யாராவது ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

6. குறிப்பு எழுதுங்கள்; பகிரும் முன் காலி செய்யுங்கள்

நோட்டின் கீழ் "முன்பதிவு ரத்தானவர்கள் நீக்கம்" என ஒரு வரி எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்தும் புரியும். ஒர்க்புளோவை நண்பருக்கு அனுப்பும்போது, எக்ஸ்போர்ட் விண்டோவில் ரீசெட் செய்திடும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். இல்லையேல் தங்கியவர்களின் மொபைல் எண்களும் சேர்ந்தே போய்விடும்.

முதல் முறை 20 வரிகள் கொண்ட சிறு பைலில் இயக்கி, விடையைக் கையால் கூட்டிச் சரி பாருங்கள். இரண்டும் ஒத்துப் போன பிறகு முழு பைலைக் கொடுங்கள்.