சூளைக் கண்ணாடியில் காற்றுக் குமிழ்கள்

கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூளையில் உருக்கி இணைத்து, தட்டுகளும் அலங்காரப் பொருள்களும் செய்வது, சிறு மின்சாரச் சூளை ஒன்றைக் கொண்டே நடத்தக்கூடிய கைத்தொழிலாகும். இதில் பழகுவோரைப் பெரிதும் சோர்வுறச் செய்வது காற்றுக் குமிழ். நாள் முழுவதும் மின்சாரம் செலவழித்து, மறுநாள் சூளையைத் திறந்தால், தட்டின் நடுவே பூரி உப்பியதுபோல் ஒரு புடைப்பு எழுந்திருக்கும். கண்ணாடியும் வீண், உழைப்பும் வீண்.

இதன் காரணம் என்ன? தகடுகளுக்கிடையே அகப்பட்ட காற்று, உஷ்ணம் 27 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 800 டிகிரிக்கு ஏறும்போது, ஏறத்தாழ மூன்றரை மடங்கு விரிய முயல்கிறது. வெளியேற வழி இருந்தால் தொல்லையில்லை. ஆனால், பக்கச் சுவர்களில் சுருள்கம்பி அமைந்த சூளைகளில் தகட்டின் ஓரங்களே முதலில் இளகி ஒட்டிக்கொள்கின்றன. நடுவிலுள்ள காற்று சிறைப்பட்டுவிடுகிறது. உஷ்ணத்தை இன்னும் ஏற்றினால் குமிழ் மேலே வந்து மறைந்துவிடும் எனச் சிலர் கருதுகின்றனர். இது தவறு. அந்நிலையிலும் கண்ணாடி வெல்லப்பாகைவிட மிகக் கெட்டியானது. மிகுந்த உஷ்ணம் குமிழைப் பெரிதாக்கவே செய்யும்.

ஆகவே, ஓரங்கள் ஒட்டுமுன் காற்றை வெளியேற்றுவதே வழி. 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஜன்னல் கண்ணாடித் தகடுகள் இரண்டை இணைப்பதாகக் கொள்வோம். சுமார் 650 டிகிரியிலிருந்து 700 டிகிரி வரை, அவசரமின்றி, ஒரு மணி நேர அளவில் உஷ்ணத்தை ஏற்ற வேண்டும். அப்போது மேல்தகடு தன் எடையால் மெல்லப் படிந்து, காற்றை ஓரத்திற்குத் தள்ளும். பின்னரே, இரண்டும் உருகிச் சேர்வதற்குரிய 800 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திற்குச் செல்லலாம். சூளைக்குச் சூளை இவ்வளவு மாறுமாதலால், சிறு துண்டுகளில் சோதித்துக் குறித்துக்கொள்வது நலம். மேல்தகட்டின் மூலைகளுக்கு அடியில் கண்ணாடித் துணுக்குகளை வைத்துச் சற்றே தூக்கினாலும், இடையே கண்ணாடித் தூளை மெல்லியதாகத் தூவினாலும், காற்றுக்குப் பாதை கிடைக்கும். சித்திரத் துண்டுகளை இடையில் புதைக்காமல் மேலே பதிப்பது எல்லாவற்றிலும் எளிது. ஏனோ பலர் இதை நினைப்பதில்லை.

குமிழ் அடியிலிருந்தும் எழலாம். தனித்த 3 மில்லிமீட்டர் தகடு, முழு உஷ்ணத்தில் 6 மில்லிமீட்டர் கனத்தை நாடி, ஓரங்களில் சுருங்கித் தடிக்கும், நடுப்பகுதி மெலியும், கீழுள்ள காற்று அதைப் பொத்துக்கொண்டு வரும். சூளைப் பலகையில் பூசிய வெள்ளைக் களிமண் குழம்பு ஈரமாயிருந்தால் நீராவியும் சேரும். பூச்சை நன்கு உலர்த்துக. பலகையில் குழிவு உள்ளதா என அளவுகோலை வைத்துப் பார்க்க.

குமிழ் வெடித்த தட்டைக் கையால் தடவலாகாது; அதன் விளிம்பு சவரக்கத்தி போன்றது. தட்டு முற்றும் குளிர்ந்தபின், கண்ணுக்குக் காப்பணிந்து, நீர் விட்டுத் துளையிட்டுக் குமிழைத் திறந்து, அதே வகைக் கண்ணாடியின் தூளை நிரப்பி மீண்டும் சூளையில் வைக்கலாம். வேறு வகைத் தூள் ஆகாது. ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, தட்டு விரிசல் கண்டுவிடும்.