வருமானம் குறைஞ்சா முதல் மாசமே செய்ய வேண்டியது

திருக்குறள் வலியறிதல் அதிகாரத்தில் 478-வது குறள் சொல்ற பாடம் இது: வரவு வர்ற வழி சின்னதா இருந்தாலும் கெடுதல் இல்லை; செலவு போற வழி அதைவிட அகலமாகாம இருந்தா போதும்.

ஆனா சம்பளம் குறைஞ்சதும் நம்மில் பலர் வீட்டுல சொல்றதில்ல. பழைய வாழ்க்கையையே கிரெடிட் கார்டுல ஓட்டுறோம். பாக்கிக்கு மாசம் 3.5% வட்டின்னா, வருஷத்துக்கு 42%! செலவு வழி அகலமாகுறது இங்கதான்.

அதனால முதல் மாசமே எல்லாரையும் உட்கார வெச்சு உண்மையைச் சொல்லுங்க. பிள்ளைகளுக்கும் தெரியட்டும். வாடகை, மளிகை, மருந்து, ஸ்கூல் ஃபீஸை முதல்ல எடுத்து வைங்க. ஓடிடி, ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்துங்க.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வரிசையில நிக்கறதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல. கரண்ட் 2 மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாம பார்த்துக்கோங்க. தாண்டினா கீழ் ஸ்லாப் யூனிட்டுக்கும் ரேட் ஏறும்.

மாசக் கடைசியில நோட்டைத் திறந்து வரவையும் செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. செலவு உள்ளே அடங்கியிருந்தா, அடுத்த மாசத்தைத் தைரியமா தொடங்கலாம்.