ரயில் எங்கே என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

அறிவியல் கண்காட்சிகளில் மாதிரி ரயிலை அடிக்கடி பார்க்கிறோம். வட்டமான தண்டவாளம், பேட்டரியில் ஓடும் எஞ்சின், நடுவில் தெர்மோகோல் மலை. ஒரு மாணவர் சுவிட்சைப் போடுவார், வண்டி சுற்றும். பார்க்க வருகிறவர்கள் ஒரு புன்னகையோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அதே வட்டத்தில் இரண்டாவது வண்டியையும் விட்டு, "இரண்டும் மோதாமல் ஓட வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த நிபந்தனையைக் கணினியின் துணையோடு நிறைவேற்றுவது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்டில், உண்மை அளவில் 87-ல் ஒரு பங்காகச் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடுகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தின் மாணவர்கள், தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டே மேசைக்கு அடியில் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கினார்கள். 'ஹேக்கர்' என்ற சொல் கணினி உலகுக்கு வந்தது அந்த மன்றத்தின் பேச்சுவழக்கிலிருந்துதான்.

நம் பள்ளியில் இதைத் தொடங்க ரயிலும் வேண்டாம், கணினியும் வேண்டாம். மைதானமும் சுண்ணாம்புப் பொடியும் போதும்.

பத்தடி அகலமாவது உள்ள ஒரு பெரிய வட்டம் போட்டு அதை நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு பிளாக். ரயில்வேயிலும் மாதிரி ரயில் மென்பொருளிலும் இதே சொல்தான். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம் என்பது விதி. மூன்று பேர் தோளைப் பிடித்து நின்றால் ஒரு வண்டி. முன்னால் எஞ்சின், கடைசியில் கார்டு பெட்டி. பிளாக்குக்கு ஒருவர் வீதம் நான்கு பேர் சென்சார்கள். ஒருவர் கணினி. அவர் வட்டத்துக்கு முதுகைக் காட்டி, நான்கு கட்டம் போட்ட தாளோடு உட்கார வேண்டும். சென்சார் கூப்பிட்டுச் சொல்வதைத் தவிர அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. முதுகைக் காட்டுவதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். கணினிக்குக் கண் இல்லை என்பதைக் குழந்தைகள் உணரும் இடம் அது.

இரண்டு வண்டிகளோடு தொடங்குங்கள். எஞ்சின் இரண்டாம் பிளாக்கில் கால் வைத்ததும் சென்சார் "ரெண்டுல வந்தாச்சு" என்பார். கணினி உடனே முதல் பிளாக்கைக் 'காலி' என்று எழுதிப் பின்வரும் வண்டிக்கு அனுமதி கொடுத்துவிடும். வந்த எஞ்சின், இன்னும் முதல் பிளாக்கிலேயே நிற்கும் கார்டு பெட்டியின் முதுகில் முட்டும். எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரே சிரிப்பு. பிறகு அவர்களே திருத்தினார்கள்: "வந்தாச்சு" என்பது போதாது, கடைசி ஆள் தாண்டியதும் "காலி" என்றும் சொல்ல வேண்டும். ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. என்று ஒரு பலகை தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி முழுதாக வந்து சேர்ந்ததா, வழியில் பெட்டி எதுவும் கழன்றுவிட்டதா என்பதை ஸ்டேஷன் ஊழியர்கள் அதைப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். அந்தப் பலகைக்கான விளக்கத்தை இந்த மோதலுக்குப் பிறகு சொல்லுங்கள், முன்பே சொல்ல வேண்டாம்.

மூன்று வண்டிகள் விட்டாலும் ஓடும், மெதுவாக. நான்காவதை ஏற்றினால் எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொரு வண்டியும் முன்னால் இருப்பது நகரக் காத்திருக்கும், யாரும் விதியை மீறவில்லை, ஆனாலும் யாராலும் நகர முடியாது. கணினியியலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். பதினைந்து எண்களை நகர்த்தி அடுக்கும் விளையாட்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பதும் இதே காரணத்தால்தான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளை வைத்தும் ஆடலாம். அதற்கு ஒரு பந்து தேவை. பந்தைக் கையில் வைத்திருக்கும் எஞ்சின் மட்டுமே அந்தப் பாதையில் நுழையலாம். நம் ரயில்வேயின் ஒற்றைப் பாதைகளில் டோக்கன் என்ற உலோகப் பந்து செய்த வேலை இதுவே. டச்சு கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பல நிரல்கள் ஒரே வளத்துக்குப் போட்டியிடுவதைத் தடுக்க 1960-களில் ஒரு முறையைக் கண்டு, அதற்கு 'செமஃபோர்' என்று ரயிலின் கைகாட்டியின் பெயரையே வைத்தார்.

அடுத்து, கணினிக்குத் தெரியாமல் ஒரு சென்சாரை அழைத்து "நீ வாயே திறக்காதே" என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் பிளாக்கிலிருந்து செய்தி வராது. கணினி அதைக் 'காலி' என்று எழுத வேண்டுமா, 'தெரியவில்லை' என்று எழுத வேண்டுமா? என் அனுபவத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். விடுங்கள், பாடவேளை போனாலும் பரவாயில்லை.

ஏனெனில் இந்த ஒரு கேள்வியில் உண்மை ரயிலும் மாதிரி ரயிலும் எதிரெதிராக நிற்கின்றன. மாதிரி ரயிலில் பெரும்பாலும் பிளாக்கில் மின்னோட்டம் பாய்ந்தால் எஞ்சின் இருக்கிறது, பாயாவிட்டால் காலி. கம்பி அறுந்தாலும் கணினிக்குக் காலி என்றே தெரியும். மின்சாரம் எடுக்காத பெட்டி கழன்று நின்றாலும் அப்படியே. அதனால்தான் சிலர் பெட்டிகளின் அச்சில் சிறு மின்தடையைப் பொருத்துகிறார்கள். அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் 1872-ல் உருவாக்கிய டிராக் சர்க்யூட்டில் இது தலைகீழ். பாதை காலியாக இருக்கும்போது மின்னோட்டம் தண்டவாளங்கள் வழியே ரிலேக்குப் போய்க்கொண்டிருக்கும். ரயிலின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்ததும் ரிலேக்கு மின்சாரம் கிடைக்காது, சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அதே சிவப்புதான். பழுது வந்தால் அது பாதுகாப்பான பக்கமே சாயும். ஏழாம் வகுப்பில் மின்சுற்று நடத்தும்போதே ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு நீள அலுமினியத் தாள் பட்டைகளைக் கொண்டு இரண்டு முறைகளையும் செய்து காட்டிவிடலாம். தண்டவாள முறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மின்தடையைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குறுக்குச் சுற்றாகிப் பேட்டரி சூடாகும்.

கணினி முடிவெடுத்தபின் எஞ்சினுக்கு அதை எப்படிச் சொல்வது? ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்டு 1990-களில் தரப்படுத்தப்பட்ட டி.சி.சி. என்ற முறையில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் போகின்றன. மின்னழுத்தத்தின் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் 1, 100 மைக்ரோ விநாடி நீடித்தால் 0. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்துத் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் நிறைவேற்றும். மூன்றாம் எண் எஞ்சின் முன்னோக்கி ஐந்தாம் வேகப்படியில் போக வேண்டும் என்றால்:

00000011
01100100
01100111

முதல் வரி எஞ்சினின் எண், இரண்டாவது கட்டளை. மூன்றாவது சரிபார்ப்பு: மேலே உள்ள இரு இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. ஒரு இலக்கம் வழியில் மாறினாலும் டிகோடர் அந்தக் கட்டளையைத் தள்ளிவிடும். கரும்பலகையில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதி, "எங்கே தப்பு?" என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கணித ஆசிரியருக்கும் வேலை உண்டு. 1.5 மீட்டர் பிளாக்கை வண்டி 6 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 25 செ.மீ. 87-ஆல் பெருக்கினால் 21.75 மீட்டர், அதாவது மணிக்கு 78.3 கி.மீ. மென்பொருள் இரண்டு சென்சார்களுக்கு இடையிலான நேரத்தை வைத்து இதே கணக்கைத்தான் போட்டு, பிளாட்பாரத்தில் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறது.

கணினியிலும் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. ஜாவா இருந்தால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சிமுலேட்டர் என்று முடியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தண்டவாளமோ எஞ்சினோ தேவையில்லை. சென்சார் அட்டவணையில் நான்கு சென்சார்களை உருவாக்குங்கள். சுட்டியால் அழுத்தி அவற்றின் நிலையை மாற்றினால், ரயில் வந்துவிட்டதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மைதானத்தில் ஆடிய விதிகளை மாணவர்கள் இங்கே எழுதிப் பார்க்கலாம். பைத்தான் தெரிந்த மேல்வகுப்பு மாணவர்கள் அந்த மொழியிலேயே எழுதலாம். புதிதாகச் சேர்க்கும் சென்சாரின் நிலை அங்கே 'தெரியவில்லை' என்றுதான் காட்டும். அதைக் கண்டதும், மைதானத்தில் வாதிட்ட பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் அழைத்துக் காட்டுங்கள்.